நெடுந்தூர சைக்கிளும் கொட்டகையில் பற்றவைத்த ஃபிரேமும்: இராமநாதபுரம் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இராமநாதபுரத்திலிருந்து தனுஷ்கோடிக்கும் தொண்டிக்கும் சாயல்குடிக்கும் சைக்கிளில் போய்வருகிறவன் நான். வீட்டுக்குப் பின்னால் முன்பு ஆடு கட்டியிருந்த தகரக் கொட்டகையில் சைக்கிள் ஃபிரேமும் பற்றவைக்கிறேன். ஒன்றைப் பற்றிக் கேட்கிறவர்கள் எப்படியும் மற்றதற்கு வந்துவிடுகிறார்கள். டீக்கடையிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். இனி யாராவது கேட்டால், பாதி இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டியதில்லை, இதைக் காட்டிவிடலாம்.

ஒரே நாளில் 200 கிலோமீட்டர் சைக்கிளில் போக முடியுமா? உடம்பு என்னத்துக்கு ஆகும்?

முடியும். மணிக்கு 15 கிலோமீட்டர் போனால் போதும். அது பள்ளிக்கூடத்து மணி அடித்துவிட்டதே என்று மிதிக்கிற பையனின் வேகத்தைவிடக் குறைவு. அதை நிறுத்தாமல் பிடித்துக்கொண்டே இருப்பதுதான் சிரமம். கால் அவ்வளவு சீக்கிரம் ஓயாது. முதலில் ஓய்வது உட்காருமிடம், அப்புறம் கழுத்து, அப்புறம் உள்ளங்கை. மூன்றும் சைக்கிள் உங்கள் அளவுக்கு இல்லை என்பதன் புகார்கள். ஃபிரேம் செய்கிற பக்கம் நான் திரும்பியதே அந்தக் கழுத்துவலியால்தான்.

பி.ஆர்.எம். என்கிறார்களே, அது பந்தயமா?

இல்லை. குறித்த தூரத்தைக் குறித்த நேரத்துக்குள் கடக்கும் நெடுந்தூரச் சைக்கிள் பயணம் அது. முதலிடம் இரண்டாமிடம் எல்லாம் கிடையாது. குறித்த நேரத்துக்குள் முடித்தால் முடித்தவர், அவ்வளவுதான். 200 கி.மீ.க்கு பதின்மூன்றரை மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40. தூங்குவது, சாப்பிடுவது, பஞ்சர் ஒட்டுவது எல்லாம் அந்த நேரத்துக்குள் அடக்கம். இந்த நான்கையும் ஒரே பருவத்தில் முடித்தவரை 'சூப்பர் ரேண்டனர்' என்பார்கள். விதிகள் 1904-இல் பிரான்சில் தொடங்கிய ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் என்கிற சைக்கிள் சங்கத்துடையவை. இந்தக் குடும்பத்தின் பெரிய திருவிழா பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ். 1,200 கி.மீ., அதிகபட்சம் 90 மணி நேரம். 1891-இல் பந்தயமாகத் தொடங்கியது, இப்போது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கிறது. கடைசியாக நடந்தது 2023-இல்.

இரவில் விளக்கும் ஒளிரும் மேலாடையும் கட்டாயம். பின்னாலேயே கார் வைத்துக்கொண்டு வரக்கூடாது. வழியில் கெட்டுப்போவதை நீங்களேதான் சரிசெய்துகொள்ள வேண்டும். எனக்கு இதில் பிடித்த விதி இதுதான்.

நம்ம பக்கம் மேடே இல்லையே, சுலபமாகத்தானே இருக்கும்?

எங்கள் மாவட்டத்தில் நான் ஏறிய பெரிய மலை பாம்பன் சாலைப் பாலம். மேடு இல்லை, உண்மைதான். அதற்குப் பதிலாகக் காற்று இருக்கிறது. மேடு என்றால் ஏறியபின் இறக்கம் வரும். காற்றுக்கு அந்த நியாயம் கிடையாது.

கடலுக்குப் போகிறவர்கள் திசைக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள்: வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே சோழகம், மேற்கே கச்சான். சைக்கிளில் போகிறவரும் இந்த நான்கையும் படித்துக்கொள்ள வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அப்போது இராமேசுவரம் பக்கம் போகையில் முதுகில் கை வைத்துத் தள்ளிவிடும். ஓர் ஆடி மாதம் அப்படித்தான் அரிச்சல்முனைவரை பறந்துபோனேன், எல்லாம் என் கால் வலிமை என்று நம்பிக்கொண்டு. திரும்பும்போது மண்டபம் வந்துசேர மதியம் ஆகிவிட்டது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அன்றைக்கு அம்மி நான்தான், ஆனால் பறந்தது ஒரு திசையில் மட்டும்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். காற்றே இல்லாத நாளில் 20 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள் என்று வையுங்கள். எதிரே 20 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால், அதே வேகத்தில் போக நான்கு மடங்கு தடையைத் தள்ள வேண்டும். அதனால் வேகத்தை விட்டுவிடுங்கள், மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். கியரைத் தணித்து, குனிந்து, மணிக்கு 13 கி.மீ.யிலேயே போங்கள். காற்றோடு சண்டை போட்டு ஜெயித்தவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

மழை ஓய்ந்தபின் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிவரை நல்ல காலம். வாடை அடிக்கும், ஆனால் வெயில் கொல்லாது. எந்தக் காலமானாலும் சரி, போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது பின்காற்று என்று வழியை அமைத்துக்கொள்ளுங்கள். களைத்தபிறகு கிடைக்கும் உதவிதான் உதவி.

முதல் 200-க்கு ஒரு வழி சொல்லுங்கள்.

விடியுமுன் இராமநாதபுரத்தில் கிளம்பி உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், இராமேசுவரம், தனுஷ்கோடி, அரிச்சல்முனை போய்த் திரும்பினால் சுமார் 150 கி.மீ. மீதிக்கு வடக்கே தேவிபட்டினத்துக்கு ஒருமுறையும், தெற்கே திருப்புல்லாணி வழியாகச் சேதுக்கரைக்கு ஒருமுறையும் போய்வந்தால் 200 பக்கம் வந்துவிடும். நடுவில் இரண்டுமுறை ஊரைத் தொடுவதால், முடியவில்லை என்றால் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். முதல் தடவைக்கு இந்த வசதி முக்கியம்.

தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த சுவர்களைத் தாண்டியபின் நிழலே கிடையாது. சில இடங்களில் மணல் சாலைமேல் ஏறிக் கிடக்கும், மெல்லிய டயர் வழுக்கும். மாலையில் உள்ளே விடமாட்டார்கள், அதனால் அதைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

நேராக ஒரே சாலையில் போக ஆசைப்படுகிறவர்களுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை இருக்கிறது. வடக்கே தொண்டி, தெற்கே கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, அதற்கப்பால் வேம்பார், தூத்துக்குடி.

பாம்பன் பாலத்தில் பயமில்லையா?

காற்றைவிட, படம் எடுக்க வண்டியைத் திடீரென்று நிறுத்துகிறவர்களிடம்தான் பயம். சாலைப் பாலம் 1988-இல் திறந்தது, நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். இணைப்புகளில் உள்ள இடுக்கைக் குறுக்காகக் கடக்க வேண்டும், சாய்வாகப் போனால் சக்கரம் சிக்கும். பக்கத்தில் 1914-இன் பழைய ரயில் பாலத்தில், 2022-இல் அதில் ரயில் ஓடுவது நிற்கும்வரை, காற்று மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவந்தார்கள். சைக்கிள்காரர் அதற்கு வெகு முன்பே இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம், கௌரவம் ஒன்றும் குறையாது.

தண்ணீர், சாப்பாடு?

மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர், தாகம் எடுக்குமுன்பே. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் உடம்பில் உப்பு நீர்த்துப்போய்த் தலைசுற்றும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு மட்டமான தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. மருந்துக்கடைப் பொட்டலம் இல்லாத இடத்தில் இது போதும். பனங்காட்டுப் பக்கம் பதநீர்க் காலத்தில் போனால் கேட்டு வாங்கிக் குடியுங்கள். சாப்பாட்டில் நான் இட்லிக் கட்சி. பரோட்டா தின்றுவிட்டு மிதித்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

பஞ்சர் ஆகுமா?

ஆகும். சீமைக் கருவேலம் இருக்கும்வரை ஆகும். சாலை ஓர மண்ணில் இறங்காதீர்கள், வெட்டிப் போட்ட முள் அங்கேதான் கிடக்கும். இரண்டு டியூப், ஒட்டுப் பொருட்கள், பம்ப், அப்புறம் பாட்டி வைத்திருந்தது போன்ற ஒரு முள்வாங்கி. டயருக்குள் ஒடிந்து நிற்கும் முள் நுனியை விரலால் தேடிப் பிடுங்காமல் புது டியூப் போட்டால், அரை கிலோமீட்டரில் அதுவும் போகும்.

அப்பாவின் பழைய ஹெர்குலிஸ் இருக்கிறது. அதில் போகலாமா?

தாராளமாக. 100 கி.மீ.வரை அதிலேயே போய்ப் பாருங்கள். எடை 20 கிலோ பக்கம் இருக்கும், ஆனால் சமதரையில் எடை பெரிய பாவம் இல்லை. நிமிர்ந்து உட்காருவதுதான் எதிர்காற்றில் பாவம். அம்பத்தூரில் 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியதிலிருந்து நம் ஊர்களில் ஓடிய இந்த வகை வண்டிகளில் குழாய்களை லக் என்கிற உறைக்குள் செருகிப் பித்தளையால் பற்றவைத்திருப்பார்கள். இன்று நான் கொட்டகையில் செய்வதும் அதே வேலைதான்.

கியர் போட நினைத்தால் ஒன்று கவனியுங்கள். அதன் ரிம் 635 மி.மீ. அளவு. இப்போதைய 700-சி ரிம் 622. இதை மாட்டினால் பிரேக் கட்டை ரிம்மைத் தொடும் இடம் ஆறரை மி.மீ. இறங்கிவிடும். பின்பக்க இடைவெளியும் கியர் சக்கரத்துக்குப் போதாது. இரும்பு என்பதால் பொறுமையாக விரிக்கலாம்.

கடையில் விதவிதமாகக் கிடைக்கும்போது ஃபிரேமை ஏன் நீங்களே செய்ய வேண்டும்? பணம் மிச்சமா?

மிச்சமா! கேஸ், பர்னர், அரம், வீணாய்ப்போன குழாய் எல்லாம் கூட்டினால் நல்ல சைக்கிளாகவே வாங்கியிருக்கலாம் என்று வீட்டில் கணக்கு வைத்திருக்கிறார்கள். வேகமும் கூடவில்லை. என் கை நீளம், கால் குட்டை. கடை ஃபிரேமில் சீட்டு சரியாக இருந்தால் ஹேண்டில் சரியாக இல்லை. அந்த நான்கு சென்டிமீட்டருக்காகத்தான் இவ்வளவும். ஒரு மணி நேரம் உட்காருகிறவருக்கு நான்கு சென்டிமீட்டர் ஒன்றுமில்லை. பதின்மூன்று மணி நேரம் உட்காருகிறவருக்கு அது மருத்துவச் செலவு.

அதனால்தான் முதலில் ஓட்டுங்கள், ஒரு வருடமாவது ஓட்டுங்கள் என்கிறேன். எங்கே வலிக்கிறது என்று தெரியாமல் ஃபிரேம் செய்தால், அழகான ஒன்றைச் செய்து சுவரில் மாட்டிவைப்பீர்கள்.

எந்தக் குழாய் வாங்குவது?

குரோம்-மாலி என்கிற 4130 இரும்பு நல்லது. மேல்குழாயும் சீட்டுக் குழாயும் 28.6 மி.மீ., கீழ்க்குழாய் 31.8 மி.மீ. விட்டம் என்பது பழகிய கணக்கு. விலை உயர்ந்த குழாய் அதிக விறைப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. எல்லா இரும்பும் விறைப்பில் ஏறத்தாழ ஒன்றுதான். உயர்ந்த ரகத்துக்கு வலிமை அதிகம், அதனால் சுவரை மெல்லிசாக்க முடியும். இரு முனையில் தடித்து நடுவில் மெலிந்த குழாய்க்கு இங்கிலாந்தில் ரேனால்ட்ஸ் 1897-இலேயே காப்புரிமை பெற்றது. அவர்களுடைய புகழ்பெற்ற 531 ரகம் 1935-இல் வந்தது. மூட்டில் தீ படுவதாலும் இழுவிசை அங்கே அதிகம் என்பதாலும் முனையில் தடிப்பு வேண்டும், நடுவில் வேண்டாம். யோசனை அவ்வளவுதான்.

ஆனால் முதல் குழாயைப் பழைய இரும்புக் கடையில் வாங்குங்கள். செத்துப்போன சைக்கிளை அறுத்து, பத்து மூட்டாவது பற்றவைத்து, பிறகு ஆக்சா பிளேடால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். வெளியே பளபளக்கும் மூட்டுக்குள் பித்தளை பாதிகூட ஓடாமல் இருக்கும். என் முதல் எட்டும் அப்படித்தான்.

வீட்டில் ஜி.ஐ. பைப் கிடக்கிறது, அதில் பழகலாமா?

கூடாது. அதன் மேல்பூச்சு துத்தநாகம். தீயில் காட்டினால் வெள்ளைப் புகை வரும். அதைச் சுவாசித்தால் அன்று இரவு குளிர்க்காய்ச்சல். பித்தளைக் கம்பியை அளவுக்கு மீறிக் காய்ச்சினாலும் இதே புகைதான். வெள்ளிக் கம்பியில் காட்மியம் கலந்த வகை ஒன்று உண்டு, அது இதைவிட மோசமான விஷம். காட்மியம் இல்லாததா என்று கேட்டே வாங்குங்கள். கொட்டகைக்கு இரண்டு பக்கமும் திறப்பு இருக்கட்டும். இந்த ஒரு விஷயத்தில் நம் கடற்காற்று நமக்கு நண்பன்.

வெல்டிங் கடையில் கொடுத்து ஆர்க் அடித்துவிட்டால் என்ன?

கேட்டுக்கும் ஜன்னலுக்கும் அடிக்கிற ஆர்க், ஒரு மி.மீ.க்கும் குறைவான சுவரை ஓட்டை போட்டுவிடும். ஆலைகளில் டிக் வெல்டிங் செய்கிறார்கள். அதற்கு இயந்திரமும் வேண்டும், பழகிய கையும் வேண்டும்.

பித்தளைப் பற்றவைப்பில் இரும்பு உருகுவதே இல்லை. இரும்பு உருக 1,500 டிகிரி செல்சியஸ் பக்கம் போக வேண்டும். பித்தளைக் கம்பி 900-க்குள் உருகிவிடும். மூட்டை எமரித் தாளால் வெள்ளையாகத் தேய்த்து, வெங்காரம் சேர்ந்த பசையைத் தடவி, தீயை ஆட்டி ஆட்டிக் காட்ட வேண்டும். பசை முதலில் பொங்கும், பிறகு கண்ணாடி மாதிரி தெளியும். இரும்பு செம்மஞ்சளுக்கு வரும்போது கம்பியைத் தொட்டால் தண்ணீர் மாதிரி இடுக்குக்குள் ஓடும். தீயை எந்தப் பக்கம் நகர்த்துகிறீர்களோ அந்தப் பக்கமே பின்னால் வரும், ஆட்டுக்குட்டி மாதிரி. நகை ஆசாரி பொடி வைத்து ஊதுவதும் இதுதான். அவரிடம் ஒரு மதியம் உட்கார்ந்து பார்த்ததில் நான் கற்றது அதிகம். வெள்ளிக் கம்பி இன்னும் தணிந்த சூட்டில், 650 பக்கமே ஓடும். ஆனால் குழாயும் லக்கும் 0.1 மி.மீ. இடைவெளியில் பொருந்தியிருக்க வேண்டும்.

இரண்டு முனையும் மூடப்போகும் குழாய் எதுவானாலும் உள்பக்கம் ஒரு சிறு துளை போட்டுவிடுங்கள். என் முதல் ஃபிரேமில் மறந்துவிட்டேன். உள்ளே சிக்கிய காற்று சூட்டில் விரிந்து, உருகிய பித்தளையை வெளியே துப்பியது. கையுறை பொசுங்கியது, மூட்டெல்லாம் ஊசித்துளை.

கேஸ் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். சமையல் சிலிண்டரை எடுக்காதீர்கள், அது சட்டத்துக்கும் விரோதம். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். ஆக்சிஜன் ரெகுலேட்டரில் எண்ணெயோ கிரீஸோ துளியும் படக்கூடாது. தீ குழாய்க்குள் திரும்பாமல் தடுக்கும் வால்வு இல்லாமல் பற்றவைக்கத் தொடங்காதீர்கள்.

குழாய்களை அசையாமல் பிடித்து நிறுத்தும் ஜிக் இல்லாமல் ஃபிரேம் நேராக வருமா?

சமையல் மேடைக்கு வெட்டியதில் மிஞ்சிய கிரானைட் பலகை ஒன்று போதும், அதைவிடத் தட்டையான பொருள் நம் வீட்டில் இல்லை. ஃபிரேமை முழு அளவில் பிளைவுட்டில் வரைந்து, குழாயின் வாயை அரைவட்ட அரத்தால் வளைவாக ராவி, ஒன்றோடொன்று வெளிச்சம் தெரியாமல் உட்காரும்வரை ராவிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மூட்டுக்கு ஒரு மணி நேரம் ஆனால் சரியாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

நேர் பார்க்க நூல் போதும். பின்சக்கரம் மாட்டும் வெட்டு ஒன்றில் நூலைக் கட்டி, முன்னால் ஹேண்டில் நிற்கும் ஹெட் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மறுபக்க வெட்டில் கட்டுங்கள். நடுவில் சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு மி.மீ.க்குள் வித்தியாசம் இருந்தால் விட்டுவிடுங்கள். என் இரண்டாவது ஃபிரேமில் நான்கு மி.மீ. கையை விட்டால் வண்டி தானாக டீக்கடைப் பக்கம் திரும்பியது. பிறகு வளைத்துச் சரிசெய்தேன்.

லேத்தில் கொடுக்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

பெடல் அச்சு நுழையும் பி.பி. குழாயைப் பற்றிச் சொல்கிறேன். அகலம் 68 மி.மீ., விட்டம் 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. வலது பக்கம் இடது மரை! பெடலில் இடது பக்கத்துக்குத்தான் இடது மரை என்பது சைக்கிள் கடைப் பையனுக்கும் தெரியும். இங்கே அது தலைகீழ். நான் ஒருமுறை இதை எழுதிக் கொடுக்காமல் வந்துவிட்டேன், இரண்டு பக்கமும் வலது மரை போட்டு வைத்திருந்தார்கள். அன்று மரை கழன்றது எனக்குத்தான். மரை போட்டதையே விலைக்கு வாங்கிவிடுங்கள்.

உங்கள் ஃபிரேமின் அளவு?

சீட்டுக் குழாய் 73 டிகிரி, ஹெட் குழாய் 72. பின்புறக் கீழ்த்தண்டு 445 மி.மீ. 38 மி.மீ. டயரும் மட்கார்டும் போக இடம். ஓடிக்கொண்டே தண்ணீர்ப் பாட்டிலைத் திறக்கிற நிதானம் இதில் கிடைக்கிறது. இதை அப்படியே எடுக்காதீர்கள், உங்கள் கை என் கை இல்லை.

முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கையும் செய்யலாமா?

முதலில் வேண்டாம், வாங்குங்கள். பின்னால் ஒரு மூட்டு விரிந்தால் வண்டி நெளியும், இறங்கிவிடலாம். ஃபோர்க் ஒடிந்தால் இறங்க நேரம் இருக்காது.

அலுமினியம்?

வெல்டிங் செய்தபின் முழு ஃபிரேமையும் உலையில் வைத்துப் பதப்படுத்தினால்தான் பலம் திரும்ப வரும். ஆட்டுக்கொட்டகையில் நடக்காது.

இந்த உப்புக் காற்றில் இரும்பா? ஒரே வருடத்தில் துருப்பிடித்துப் போகாதா?

எல்லாரும் கேட்பது இது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலமும் இரும்புதான். வெல்டிங் மூட்டுகள், மேலே பாலிசைலாக்சேன் பூச்சு என்று அரிப்பைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். பொருள் பிரச்சினை இல்லை, பராமரிப்புதான்.

துரு வெளியிலிருந்து வருவதைவிட உள்ளிருந்து வருவது ஆபத்து. சீட்டு வழியாக இறங்கும் ஈரம் பி.பி. குழாயில் போய்த் தேங்கும். அதன் அடியில் ஒரு வடிதுளை போட்டுவிடுங்கள். பெயின்ட் அடித்தபின், காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைக் குழாய்க்குள் ஊற்றி, எல்லாப் பக்கமும் சாய்த்து, மிச்சத்தை வடித்து, ஒரு வாரம் காயவிடுங்கள். உள்ளே தோலாகப் படியும். பெயின்டுக்கு முன் பற்றவைத்த பசையின் கண்ணாடி முழுவதும் போக வேண்டும். வெந்நீரில் ஊறப்போட்டு, சுரண்டி, மறுபடியும் ஊறப்போடுங்கள். அவசரப்பட்டால் மூன்று மாதத்தில் மூட்டில் பெயின்ட் கொப்புளிக்கும். படகுக்கு அடிக்கிற எபாக்சி பிரைமர் நல்லது. பவுடர் கோட்டிங் பார்க்க அழகு, ஆனால் ஒரு கல் பட்டால் அதனடியில் துரு ஊர்ந்துபோவது கண்ணுக்குத் தெரியாது.

அலுமினிய சீட்டுத் தண்டை இரும்புக் குழாயில் கிரீஸ் இல்லாமல் விட்டால் உப்பில் இரண்டும் ஒட்டிப்போகும், பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மாதம் ஒருமுறை உருவிப் பாருங்கள். ஸ்போக்ஸ் ஸ்டெயின்லெஸாக இருக்கட்டும். தனுஷ்கோடி போய்வந்த அன்றே துடைக்க வேண்டும். நல்ல தண்ணீரைக் குடக்கணக்கில் வாங்கும் ஊரில் சைக்கிளைக் குளிப்பாட்டினால் வீட்டில் பேச்சு வாங்க வேண்டிவரும். அரை வாளித் தண்ணீர், இரண்டு பழைய துணி போதும். செயினுக்கு மட்டும் எண்ணெய்.

எனக்கு ஒன்று செய்து தருவீர்களா?

மாட்டேன். பிறர் கழுத்துக்கும் உயிருக்கும் பொறுப்பேற்கிற அளவுக்கு என் மூட்டுகள்மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஞாயிறு காலையில் வாருங்கள், உங்கள் கால் நீளத்தையும் கை நீளத்தையும் அளந்து, பழைய குழாய் இரண்டு தருகிறேன், ராவிப் பாருங்கள். அரத்தை மட்டும் நீங்களே கொண்டுவந்துவிடுங்கள். என் அரைவட்ட அரத்தை நான் யாருக்கும் கொடுப்பதில்லை.